அத்தியாயம் 7: நான்காம் மாதத்துக்குப் பிறகு

முதல் மாதம் பயமே ஆளைக் குளத்துக்கு இழுத்துவந்துவிடும். எப்படியாவது இதைக் கடந்துவிட வேண்டும் என்ற வீம்பு காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிவிடும். இரண்டாம் மாதம் உடம்பு மிதக்கத் தொடங்கியதும் பயம் போய்க் கிறக்கம் வந்துவிடும். மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு லேப்பை நிற்காமல் முடித்து, அதை வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லி முடித்திருப்போம். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நான்காம் மாதம் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதே குளம், அதே மூச்சிரைப்பு, அதே இருபத்தைந்து மீட்டர். ஒருநாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறோம். அடுத்த வாரம் இரண்டு நாள். மாதச் சந்தாவைப் புதுப்பிக்கும் தேதி வரும்போது, “அடுத்த மாதத்திலிருந்து பார்க்கலாம்” என்று தோன்றுகிறது.

ஐம்பது, நூறு மீட்டர் நீந்தத் தெரிந்து, வாரம் இரண்டு மூன்று நாள் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் பெரியவர்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். வருடக்கணக்கில் நீந்துகிற பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இடைவெளியே விடாதவர் என்று அவர்களில் யாரும் இல்லை. காய்ச்சல், பணி மாற்றல், மகள் கல்யாணம், மாமனாரின் ஆஸ்பத்திரி வாசம் எல்லாம் அவர்களுக்கும் வந்தன. விட்ட பிறகு எப்படித் திரும்பி வருவது என்பதை மட்டும் அவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். அது ஒரு தனித் திறமை. கை வீச்சையும் மூச்சு எடுப்பதையும் போல அதையும் பழகிக்கொள்ள முடியும்.

எடையை மறந்துவிடுங்கள்

பெரியவர்கள் குளத்துக்கு வரும் காரணங்களில் உடல் எடைதான் முதலிடம் பிடிக்கிறது. ஆர்வத்தைச் சீக்கிரம் கொல்வதும் அதுவே. நீந்தி எழுந்தால் அசுரப் பசி எடுக்கும். நான்கு இட்லிக்காரர் ஆறு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு, மாதக் கடைசியில் எடை மெஷினில் ஏறிப் பார்த்து நொந்துபோகிறார். அந்த நேரத்தில் அவருடைய தூக்கம் சீராகியிருக்கும், மாடிப்படி ஏறும்போது வந்த இரைப்பு குறைந்திருக்கும், இடுப்புவலி விலகியிருக்கும். அவற்றையெல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடையைக் குறைப்பது சமையலறையில் முடிவாகிற காரியம். குளத்துக்கு வேறொரு காரணம் தேடிக்கொள்ளுங்கள். நிற்காமல் நானூறு மீட்டர் நீந்துவது, பேக் ஸ்ட்ரோக் கற்பது, பேத்தியோடு சேர்ந்து குளத்தில் இறங்குவது என்று தண்ணீருக்குள்ளேயே நிறைவேறக்கூடிய காரணமாக அது இருக்கட்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று நாள் குளத்துக்குப் போகிறவர் அதில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார். உடல்நலத்துக்கு இந்தக் கணக்கு போதும், மெஷின் வேண்டாம்.

முன்னேற்றம் ஏன் நின்றுபோகிறது?

நான்காம் மாதச் சோர்வுக்கு ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது. முன்னேற்றம் உண்மையாகவே நின்றுபோயிருக்கும். அதை ஒப்புக்கொண்டு, எதனால் என்று புரிந்துகொண்டால் பாதிச் சோர்வு போய்விடும்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கூடியது. நம் வேகம் கூடக்கூட அது தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான ஆற்றலோ ஏறத்தாழ வேகத்தின் கனமாகப் பெருகும். பத்து சதவீதம் வேகமாகப் போக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். ஓட்டத்தில் முயற்சியைக் கூட்டினால் வேகம் ஓரளவு கூடவே வரும். நீச்சலில் முயற்சியைக் கூட்டுகிறவர் பெரும்பாலும் களைப்பைத்தான் கூட்டிக்கொள்கிறார். நாற்பது வயதில் தொடங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வேகவேகமாகச் சுற்றுவார். பக்கத்து லேனில் பன்னிரண்டு வயதுப் பெண் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப்போய்விடுவாள். அந்தச் சிறுமிக்குப் பலம் அதிகமில்லை. அவள் உடம்பு தண்ணீரில் நீளமாக, படுக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, நான்காம் மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் என்பது தடையைக் குறைப்பதுதான். பெரியவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தடைகள் இரண்டு. ஒன்று, மூச்சுக்காகத் தலையைத் தூக்குவது. உடம்பு தண்ணீரில் தராசு மாதிரி. தலைத்தட்டு மேலே போனால் கால்தட்டு கீழே இறங்கிவிடும். இறங்கிய கால் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். இரண்டு, மூச்சை உள்ளேயே அடக்கி வைத்திருப்பது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால், முகம் பக்கவாட்டில் திரும்பும் அந்த ஒரு நொடியில் உள்ளிழுத்தால் போதும். விடாமல் வைத்திருந்தால் அதே நொடியில் வெளியே விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டும் முடிவதில்லை. இருபத்தைந்து மீட்டரில் மூச்சு முட்டி நிற்கிறவர்கள் தங்களுக்குத் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மூச்சை விடத் தெரியாததுதான் அங்கே குறை, அது இரண்டு மூன்று வாரத்தில் திருந்தக்கூடியது.

இப்படிப்பட்ட ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அதையே கவனிக்க வேண்டும். இந்த வாரம் மூச்சு விடுவது. அடுத்த வாரம் தலை. அதற்கடுத்த வாரம், கை தண்ணீருக்குள் நுழையும் இடம். குளத்தில் இறங்கும்போது இன்றைக்கு எதைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு கேள்வி மனத்தில் இருந்தால் அன்றைய நாற்பத்தைந்து நிமிடம் போவதே தெரியாது. கேள்வி இல்லாமல் இறங்குகிறவர் ஒவ்வொரு லேப் முடிவிலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோச்சிடமும் இப்படித்தான் கேட்க வேண்டும். நம் குளங்களில் பயிற்சியாளர்களில் பலர் பிள்ளைகளைப் பழக்கிப் பழக்கி வந்தவர்கள். “அடிங்க சார், நல்லா அடிங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அது போதும், பார்த்தே செய்துவிடுவார்கள். பெரியவர்களுக்குக் காரணம் தெரிந்தால்தான் உடம்பு கேட்கும். “மாஸ்டர், இந்த நாலு லேப்பில் என் தலையை மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பதிலே மாறிவிடும். குளத்தில் அனுமதி இருந்து, மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லாமலிருந்தால், நண்பர் ஒருவரைச் செல்போனில் ஒரு லேப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பெண்கள் பேட்சிலும் பிள்ளைகள் இருக்கும் நேரத்திலும் இது கூடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

தடை குறைவதை உடம்பால் உணர நாளாகும். அதுவரை மனம் பிடித்துக்கொள்ள எண்கள் உதவும். விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லை, குளத்துச் சுவரில் தொங்கும் கடிகாரமே போதும்.

முதல் அளவு மிக எளிது. ஒரு லேப்புக்கு எத்தனை கை என்று எண்ணுங்கள். வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று. 25 மீட்டரை 28 கையில், 42 விநாடியில் கடந்தால் இரண்டையும் கூட்டி 70 என்று எழுதிக்கொள்ளுங்கள். நீச்சல்காரர்கள் இதை ஸ்வால்ஃப் என்பார்கள். கோல்ஃப் ஆட்டம் போல எண் குறைந்தால் நல்லது. கையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிக்கொண்டால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும், நேரத்தைக் குறைக்கக் கையை வேகமாகச் சுற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மாதத்தில் 70 என்பது 65 ஆனால் அது உண்மையான முன்னேற்றம். உயரமானவருக்கு எண் குறைவாகவே இருக்கும் என்பதால் இதை அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது அளவை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டரை உங்களால் முடிந்த சீரான வேகத்தில் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓய்வெடுத்து, மெதுவாகக் கொஞ்சம் நீந்தி, பிறகு 200 மீட்டர். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், நீங்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 மீட்டர் வேகம் கிடைக்கும். உதாரணமாக 400 மீட்டர் 11 நிமிடம் 20 விநாடி, 200 மீட்டர் 5 நிமிடம் 20 விநாடி என்றால் வித்தியாசம் 6 நிமிடம், அதில் பாதி 3 நிமிடம். நான்கு மாதம் கழித்து அவையே 10:40, 5:08 என்று வந்தால் வித்தியாசம் 332 விநாடி, பாதி 166, அதாவது 2 நிமிடம் 46 விநாடி. இடைப்பட்ட நான்கு மாதத்தில் ஒவ்வொரு நாளும் “ஒன்றும் மாறவில்லை” என்று தோன்றியிருக்கும். நோட்டில் இருக்கும் இந்த 14 விநாடி அதை மறுக்கும்.

அந்த நோட்டு முக்கியம். தேதி, தூரம், அன்றைக்குக் கவனித்த விஷயம், ஒரு வரி. அதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் எழுதுவதையே நிறுத்திவிடுவோம்.

ஒரே மாதிரி நீந்தாதீர்கள்

தினமும் இறங்கி, இருபது லேப் ஒரே வேகத்தில் அடித்துவிட்டு ஏறுகிறவர்கள் எல்லாக் குளத்திலும் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கு நீச்சல் அலுத்துவிடுகிறது, உடம்பும் அந்த வேகத்துக்குப் பழகி அங்கேயே தங்கிவிடுகிறது. வாரத்தின் மூன்று நாளையும் மூன்று விதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள், நுட்ப நாள். மெதுவாக 200 மீட்டர். பிறகு எட்டு முறை 25 மீட்டர், ஒவ்வொன்றிலும் அந்த வாரத்து விஷயம் மட்டும், இடையில் அரை நிமிட ஓய்வு. பிறகு ஆறு முறை 50 மீட்டர், கை எண்ணிக்கொண்டு. கடைசியில் 100 மீட்டர் சும்மா. மொத்தம் 800 மீட்டர். ஒரு மணி நேர பேட்ச்சில் உடை மாற்றும் நேரம் போக இது கச்சிதமாக அடங்கும். புதன், தூர நாள். நிற்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, பேச முடிகிற அளவு இரைப்போடு. வெள்ளி, வேக நாள். 25 மீட்டரை வேகமாக நீந்தி நன்றாக ஓய்வெடுத்து மறுபடி. நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்கி, பேக் ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்று விளையாடுங்கள். கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் அந்த வாரம் தங்கள் பழைய நீச்சலைக்கூட எடுத்துப் பார்க்கலாம்.

விளையாட்டு என்றதும் ஒரு எச்சரிக்கை. அலுப்பைப் போக்க நண்பர்கள் சேர்ந்து, யார் தண்ணீருக்கடியில் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டுவார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு எடுக்க வேண்டும் என்ற உந்துதல் வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் ஆழமில்லாத தண்ணீரிலேயே இப்படி இறந்திருக்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் ஒருபோதும் சேராதீர்கள், மற்றவர்களையும் தடுங்கள்.

வாசலைத் தாண்டும் வரை

தண்ணீரில் இறங்கிய பிறகு யாரும் ஏன் வந்தோம் என்று வருந்துவதில்லை. ஆர்வம் கெடுவது படுக்கைக்கும் குளத்துக்கும் இடையில்தான். அந்த வழியிலுள்ள ஒவ்வொரு சின்ன முள்ளையும் முதல்நாள் இரவே எடுத்துப்போட்டுவிட வேண்டும். பை இரவே தயாராகி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீச்சலுடை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழையில் ஒன்று இரண்டு நாளானாலும் காயாது. தண்ணீர் புகுகிற கண்ணாடியைச் சகித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நல்ல கண்ணாடியின் விலை ஒரு மாதச் சந்தாவைக் காப்பாற்றிவிடும்.

பெண்களுக்கு இந்த வழியில் முள் அதிகம். பல குளங்களில் பெண்கள் பேட்ச் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியில்லாத நேரத்தில் இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்துக் காலை நேரத்தைக் கேளுங்கள். தனியாகக் கேட்கிறவருக்குக் கிடைக்காதது கூட்டாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்தது கூந்தல். நீளமான முடியை அலசிக் காயவைக்கும் நேரத்தை நினைத்தே நீச்சலை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். அது அற்பக் காரணம் இல்லை, ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த அரைமணி பெரிது. கேப் போடுவதற்கு முன் முடியை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஈரமான முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். மூன்று நாள் பயிற்சியில் ஒன்றைச் சனி அல்லது ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டால் அலச வேண்டிய வேலைநாள் இரண்டாகக் குறையும். எண்ணெய்த் தலையோடு மட்டும் இறங்க வேண்டாம். வேர்வை, எண்ணெய் போன்றவை குளோரினோடு சேரும்போதுதான் கண் எரிச்சலும் அந்தக் காட்டமான வாடையும் வருகின்றன. எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் குளமே மாறிவிடும்.

இன்னொரு பாதுகாப்பு, ஆள். “என்ன சார், புதன்கிழமை ஆளையே காணோம்?” என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். அவர் உங்கள் வேகத்தில் நீந்த வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அதே பேட்ச்சுக்கு வந்து, பயிற்சி முடிந்ததும் வாசல் கடையில் சேர்ந்து ஒரு டீ குடிப்பவராக இருந்தால் சரி.

பழக்கமாகிவிட்டால் இந்தப் பாடு குறையும், ஆனால் அதற்கு நாளாகும். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைகளில் சொல்வதை நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் செய்யும் ஒரு காரியம் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. உடற்பயிற்சிப் பழக்கங்கள், தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட அதிக நாள் எடுத்தன. நீங்கள் வாரம் மூன்று நாள்தான் போகிறீர்கள். அப்படியானால் நான்காம் மாதத்தில் இன்னும் எழுந்திருக்கக் கஷ்டமாயிருப்பது இயல்புதான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. இந்த இரண்டாவது முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆண்டு

வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் வரும் ஆண்டுத் திட்டம் நமக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டுக் குளங்களுக்கென்று ஒரு பருவ ஒழுங்கு இருக்கிறது. அதை அறியாதவர்கள்தான் ஆண்டுக்கு இரண்டு முறை நீச்சலை விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் கோடைப் பயிற்சி முகாம். லேன் கயிறுகளைக் கழற்றிவிட்டு, குளம் நிறையப் பிள்ளைகள். இருபது மீட்டருக்குள் நாலு தலையில் முட்ட வேண்டியிருக்கும். வழக்கமாக வருகிறவர்கள் வெறுத்துப்போய் மே மாதம் நிறுத்திவிட்டு, ஜூனில் திரும்பி வர மறந்துவிடுகிறார்கள். கோடையில் தூரத்தை எதிர்பார்க்காதீர்கள். இருப்பதிலேயே முதல் பேட்ச்சைப் பிடித்து, ஓரமாகக் கிக் போர்டு, மிதத்தல், மூச்சுப் பயிற்சி என்று வாரம் இரண்டு நாள் போய் வந்தால் போதும். அந்த இரண்டு மாதமும் குளத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது ஒன்றே இலக்கு.

பள்ளி திறந்ததும் குளம் காலியாகிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உங்கள் அறுவடைக் காலம். வெதுவெதுப்பான தண்ணீர், காலி லேன், வேலை நாளில் கோச்சுக்கும் நேரம். வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளம் எட்டும் தூரத்தில் இருந்தால் இந்த மாதங்களில் அங்கே போய்ப் பாருங்கள். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது அது. 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு லேப் முடிவிலும் கிடைக்கும் சுவர் உதை அங்கே பாதியாகிவிடுவதால் உங்கள் நீச்சலின் உண்மையான நிலை தெரியும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு 400–200 அளவு, செப்டம்பர் கடைசியில் இன்னொன்று.

அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை. இடி மின்னல் இருந்தால் திறந்தவெளிக் குளத்தில் இறங்கவே கூடாது. கனமழையில் தண்ணீர் கலங்கிக் குளத்தை மூடுவதும் உண்டு. இந்த மாதங்களுக்கு வீட்டில் செய்ய ஒரு மாற்று வேண்டும்: மழை நாளில் அதே நேரத்தில் எழுந்து, தோள் நீட்டல்கள், இழுவை ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுப்பது, கொஞ்ச நேரம் பலகை நிலை. அளவைவிட அந்த நேரத்தைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். மார்கழிக் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். வைராக்கியம் காட்டுவதைவிட மாலை பேட்ச்சுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம், வெயில் பட்ட குளம் ஓரிரு டிகிரி இதமாக இருக்கும். பொங்கல் முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்புங்கள். பொங்கலிலிருந்து மார்ச் வரை இரண்டாவது நல்ல காலம்.

விட்டுவிட்டால்

எத்தனை ஏற்பாடு செய்தாலும் நீச்சல் ஒருநாள் நின்றுபோகும். 2020இல் பெருந்தொற்று எல்லாக் குளங்களையும் மாதக்கணக்கில் மூடியது. அப்போது நின்றவர்களில் பலர் இன்னும் திரும்பவில்லை. அவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரே தயக்கத்தைத்தான் கேட்கிறேன்: முன்பு நாற்பது லேப் போனேன், இப்போது நாலு லேப்பில் இரைக்குமே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இரைக்கும், அது உண்மை. இரண்டு மூன்று வாரம் விட்டாலே தெம்பு குறையத் தொடங்கிவிடுகிறது. தண்ணீரைக் கை பிடிக்கும் அந்த உணர்வு அதற்கும் முன்பே மங்கிவிடுகிறது. ஆனால் நீச்சல் மறக்காது. மூச்சு விடும் முறையும் உடம்பின் நிலையும் சில நாளில் திரும்பி வரும், தெம்பு அதன் பின்னால் மெதுவாக வரும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீந்தத் தெரிந்த மூளை பழைய தூரத்தைக் கேட்கும், தளர்ந்துபோன தோள் அதைத் தாங்காது. திரும்பி வந்த முதல் வாரத்திலேயே தோள்வலி வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை விட்டவர்கள், முதல் முறை விட்டவர்களைவிட அபூர்வமாகவே மீண்டும் வருகிறார்கள்.

அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் விட்டிருந்தால் எதுவுமே நடக்காதது போலப் போய் இறங்குங்கள். விட்ட நாளை ஈடுகட்ட இரட்டிப்பாக நீந்தாதீர்கள். ஒரு மாதம் வரை என்றால் முதல் வாரம் பாதித் தூரம், கடிகாரத்தைப் பார்க்காமல், கைத்துடுப்பு மாட்டாமல். இரண்டாம் வாரம் முக்கால். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம் மட்டும், மிதத்தலிலும் மூச்சுப் பயிற்சியிலும் தொடங்கி. அந்த இருபது நிமிடம் முடிந்ததும் தெம்பு மிச்சமிருந்தாலும் ஏறிவிட வேண்டும். மிச்சத்தோடு ஏறுகிறவருக்கு மறுநாள் வரத் தோன்றும். டெங்கு, சிக்குன்குனியா போன்றவற்றுக்குப் பிறகும், இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் சார்ந்த சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பின்பே இறங்குங்கள்.

பழைய நேரங்களோடு ஒப்பிடுவதைத் திரும்பி வந்த முதல் இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, புது 400–200 எடுத்து, அதை மட்டும் முந்தப் பாருங்கள்.

வயதோடு கூடவே வரும் போட்டி

போட்டி என்றாலே பெரியவர்கள் பின்வாங்குவார்கள். ஒருமுறையாவது கலந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் தேதி குறித்த ஒரு நாளைப் போல எதுவும் வெள்ளிக்கிழமைக் காலையில் எழுப்பிவிடுவதில்லை. பெரியவர்களுக்கான நீச்சலை மாஸ்டர்ஸ் என்பார்கள். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தர், உடல்நலத்துக்காகப் பெரியவர்களை நீந்த வைக்கப் போட்டி உதவும் என்று நம்பி முயன்றதன் விளைவாக, 1970இல் டெக்சஸின் அமரில்லோவில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. 1986இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டி. இந்திய நீச்சல் கூட்டமைப்பும் தேசிய மாஸ்டர்ஸ் போட்டிகளை நடத்துகிறது.

25 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். 52 வயதுக்காரர் 50–54 பிரிவினரோடு மட்டும் நீந்துவார். ஜப்பானின் மியெகோ நகாவோகா முழங்கால் வலிக்காக எண்பது வயதுக்கு மேல் நீச்சலில் இறங்கியவர். 2015இல், 100 வயதில், 1500 மீட்டரை 25 மீட்டர் குளத்தில் 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் முடித்தார். அந்த வயதில் அத்தூரத்தை முடித்த முதல் ஆள் அவரே. அவர் நீந்தியது பேக் ஸ்ட்ரோக், முகம் வானத்தைப் பார்த்தபடி.

வயதைக் கணக்கிடுவது போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 நிலவரப்படி. ஆகவே டிசம்பரில் 45 ஆகிறவர் அந்த ஆண்டின் ஜனவரியிலேயே 45–49 பிரிவுக்குப் போய், அந்தப் பிரிவில் இளையவராகிவிடுகிறார். ரிலேயில் இன்னும் வேடிக்கை: நான்கு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு. 30, 30, 35, 48 என்றால் 143, அந்த அணி 120–159 பிரிவில் இளைஞர்களோடு மோத வேண்டும். ஒரு முப்பதை எடுத்துவிட்டு 62 வயதுக்காரரைச் சேர்த்தால் 175, அணி 160–199 பிரிவுக்கு ஏறிவிடும். உங்கள் பேட்ச்சில் நான்கு பேரைத் திரட்டத் தொடங்கும்போது, அறுபதைத் தாண்டி இன்னும் வந்துகொண்டிருப்பவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.